வாடகை வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய்: ஓனரிடம் எப்படிக் கேட்பது, எந்த லைனில் எடுப்பது?

கணபதி கீழ்வீடு கேட்டது:

கோவை கணபதிப் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே இன்னொரு குடும்பம், அவர்களும் வாடகைதான். ஓனர் திருப்பூரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார், வாடகைக்காக இல்லை, பின்னால் நிற்கும் அவருடைய தென்னையைப் பார்க்க. நல்ல மனிதர். ஆனால் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே அவர் முகம் மாறிவிடும்.

பிரச்சினை இதுதான்: வாசல் பக்கம் தண்ணீரே கிடையாது. சமையலறை, பாத்ரூம், பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான் குழாய்கள். பின்பக்கத்துக்குப் போகச் சமையலறை வழிதான். பக்கச் சந்தில் மேல் வீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டரும் ஓனரின் ஏணியும் நிரந்தரக் குடித்தனம் நடத்துகின்றன. மாமியார் வாசலில் செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லிகை எல்லாம் தொட்டியில் வைத்திருக்கிறார். வாசல் தெளிப்பது, செடிக்கு ஊற்றுவது, வண்டி கழுவுவது என்று எல்லாவற்றுக்கும் பாத்ரூமில் பக்கெட்டைப் பிடித்து ஹால் வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு முழங்கால் வலி, ஹாலில் வழுக்குகிற டைல்ஸ். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவர் தனியாகத் தூக்குகிறார் என்பதுதான் என் பயம்.

தெரு முனையில் ஒரு பிளம்பரைக் கேட்டேன். "நல்ல தண்ணி லைன் கேட் பக்கத்துலதான் போகுது, அதுல ஒரு டி போட்டா முடிஞ்சுது" என்றார். டி என்றால் ஓடுகிற பைப்பை வெட்டிக் கிளை பிரிக்கிற மூட்டாம். என் வீட்டுக்காரர் அதைவிட ஒரு படி மேலே: "போட்டுட்டுச் சொல்லிக்கலாம்." எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அட்வான்ஸ் பணம் ஓனர் கையில் இருக்கிறது என்பதை இவர் மறந்துவிடுகிறார்.

ஓனரிடம் எப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்? செலவு யாருடையது? காலி செய்யும்போது குழாயைக் கழற்றி எடுத்துப் போகலாமா? முக்கியமாக, எந்த லைனிலிருந்து எடுப்பது? மொட்டை மாடியில் ஒரு சின்டெக்ஸ் டேங்க் இருக்கிறது, அது போர் தண்ணீர், உப்பு. நல்ல தண்ணீர் கீழே தரைத் தொட்டியில் விழும், குடத்தில் மொண்டு கொள்வோம்.

---

ஈரோடு பைப்பு வேலை எழுதியது:

அந்தக் கேட் பக்கத்து நல்ல தண்ணீர் லைனை மறந்துவிடுங்கள் அக்கா. சிறுவாணியோ பில்லூரோ, எந்தத் தண்ணீராக இருந்தாலும் தொட்டிக்கு வந்து விழும் முன்னால் அந்த லைனில் நாமாக டி போடக் கூடாது. அது மாநகராட்சி கொடுத்த குடிநீர் இணைப்பு. இணைப்பு ஓனர் பெயரில்தான் இருக்கும், யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி செய்திருந்தால் ஓனருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

வேலைக் கணக்கில் பார்த்தாலும் அது சரிப்படாது. அந்த லைனில் தண்ணீர் விடும் நேரத்தில்தான் தண்ணீர் இருக்கும், மற்ற நாளெல்லாம் காற்று. லைன் வடியும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். குழாயை மூடாமல் ஹோஸ் முனையைப் பூச்சி மருந்து கலந்த பக்கெட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டு வைத்திருந்தால் அது குடிக்கிற தண்ணீருக்குள் போய்ச் சேரும். சில பேர் வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக இப்படிச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

உங்களுக்கு வேண்டியது மாடி டேங்கிலிருந்து இறங்கும் உப்புத் தண்ணீர் லைன். வெளிச்சுவரைப் பாருங்கள். நாலு இன்ச் தடிமனில் இறங்குவது மழைநீர் அல்லது கழிவு பைப், அதை விடுங்கள். ஒரு இன்ச் அல்லது முக்கால் இன்ச்சில் ஒன்று இறங்கிப் பாத்ரூம் பக்கம் சுவருக்குள் நுழையும். அதுதான் நம் லைன். அது வெளியே தெரிகிற இடத்தில் டி போட்டால் டைல்ஸ் உடைக்க வேண்டாம், சுவர் குடைய வேண்டாம். ஓனரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பைப்பில் இரண்டு வகை: வெள்ளையாக இருந்தால் யுபிவிசி, லேசான மஞ்சளாக இருந்தால் சிபிவிசி. மேலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஃபிட்டிங்ஸ் வேறு, ஒட்டுகிற சால்வெண்டும் வேறு. முக்கால் இன்ச் சிபிவிசியின் வெளி அளவு 22.2 மில்லி மீட்டர், அரை இன்ச் யுபிவிசி 21.3. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஒட்டினால் கசியும். பைப்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போய்க் காட்டி வாங்குவதுதான் நல்லது.

டி-யிலிருந்து பிரிந்த உடனே ஒரு பால் வால்வு வைக்கச் சொல்லுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வாசல் குழாயில் ரிப்பேர் வந்தால் அதை மட்டும் மூடிக்கொள்ளலாம், மேல் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காது. குழாய் மாட்டும் முனையில் பித்தளை மரை வைத்த எல்போதான் (வளைவு மூட்டு) போட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையில் குழாயை முறுக்கினால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் விரிசல் விடும். வெளியே ஹோஸ் மாட்டி இழுப்பீர்கள், அதனால் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு கிளாம்பு அவசியம்.

உயரம்: தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல். பக்கெட் உள்ளே போக வேண்டும், மாமியார் ரொம்பக் குனியவும் கூடாது. அவருக்கு முழங்கால் வலி என்றால் இரண்டடியே வையுங்கள், கீழே ஒரு கல் போட்டுப் பக்கெட்டை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

குழாய் பித்தளை வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தால் ஒரு ராத்திரி காணாமல் போகும். பிடிஎம்டி என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாய் போதும், உப்புத் தண்ணீருக்கும் அதுதான் தாங்கும்.

---

மாடியில்லா மாடசாமி எழுதியது:

இவ்வளவு எதற்கு? பாத்ரூம் குழாயை எடுத்துவிட்டு டூ-வே குழாய் மாட்டுங்கள், ஒரு வழியில் ஹோஸ், ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள். ஓனரைக் கேட்கவே வேண்டாம். போகும்போது பழைய குழாயைத் திரும்ப மாட்டிவிடலாம். நான் அம்பத்தூரில் இருந்த வரை இப்படித்தான் ஓட்டினேன். ஒரே தொல்லை, கொசு வலையில் ஓட்டை போட வேண்டி வந்தது.

---

சிங்காநல்லூர் வீட்டுக்காரன் எழுதியது:

ஓனர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசட்டும் அம்மணி. எனக்கும் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறது.

குடியிருப்பவர் "வெளியே ஒரு குழாய்" என்றவுடன் எங்கள் தலையில் ஓடுவது குழாய் இல்லை. போர் வற்றிவிடுமோ, கரண்ட் பில் ஏறுமோ, சுவரில் ஓதம் ஏறுமோ, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவானோ, இதுதான். ஏப்ரல், மே மாதத்தில் எங்கள் பக்கம் போர் காற்று வாங்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஹோஸை முழுதாகத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாது. பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் விட்டுவிட்டால் 150 லிட்டர் தெருவில்.

கரண்ட் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது? ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். அது பெரிய செலவில்லைதான். ஆனால் மேல் வீட்டு மீட்டரில் ஓடினால், உங்கள் செடிக்கு அவர்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற பேச்சு வரும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்த எல்லையில் இருக்கிற குடும்பம் ஒரு யூனிட்டைக்கூட விட்டுக்கொடுக்காது. ஓனரிடம் போகும் முன் மேல் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர்கள் ஓனருக்குப் போன் போட்டுக் குறை சொன்னால் உங்கள் காரியம் அன்றோடு போச்சு.

அப்புறம், விழுகிற தண்ணீர் எங்கே போகும்? இதை ஒருவரும் யோசிப்பதில்லை. சுவர் ஓரமாகக் குழாய் போட்டு, கீழே மண்ணாக இருந்தால், அடிச்சுவர் ஊறிப் பெயிண்ட் உரியும். தேங்கினால் பாசி, கொசு. டெங்கு சீசனில் வீடு வீடாகப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதும் வீட்டுக்காரனைத்தான். குழாயடியில் இரண்டடிக்கு இரண்டடி சிமெண்ட் தளம், செடிப் பக்கமாகச் சாய்த்து, சுற்றி ஒரு சின்னக் கட்டு. இதையும் நீங்களே செய்து தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நானாக இருந்தால் அங்கேயே சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கும் அது வீட்டுக்கு ஒரு வசதிதானே, அடுத்து வருகிறவருக்கும் பயன்படும்.

---

கணபதி கீழ்வீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாடசாமி அண்ணா, எங்கள் பாத்ரூம் ஜன்னல் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. ஹோஸ் வீட்டைச் சுற்றிச் சந்து வழியாக வர வேண்டும், ஸ்கூட்டரையும் ஏணியையும் தாண்டி. தவிர, ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் திறந்து, வெளியே வந்து பிடித்து, மறுபடி உள்ளே போய் மூடுவதற்குள் மாமியாருக்குப் பக்கெட்டே மேல் என்று தோன்றிவிடும்.

பைப்பைப் பார்த்தேன். சந்துச் சுவரில் வெள்ளை பைப் ஒன்று இறங்குகிறது, யுபிவிசி, முக்கால் இன்ச் என்று எழுதியிருக்கிறது. பாதி உயரத்தில் ஒரு கிளை மேல் வீட்டுப் பாத்ரூமுக்குள் போகிறது, மிச்சம் கீழே எங்களுக்கு. அங்கிருந்து வாசல் முனைக்கு அளந்தால் பதினைந்து அடி வரும். மேல் வீட்டம்மாவிடம் பேசினேன். மோட்டார் ஓனரின் தனி மீட்டரில் ஓடுகிறதாம், அதனால் கரண்ட் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: "நீங்க கீழ குழாயைத் திறந்தா எங்க ஷவர்ல தண்ணி கம்மியாகுமா?"

உப்புத் தண்ணீரைச் செடிக்கு விடுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள். இப்போதும் அதைத்தான் ஊற்றுகிறோம், மல்லிகை இலை நுனி கருகுகிறது.

---

ஈரோடு பைப்பு வேலை எழுதியது:

அந்தம்மா சரியான கேள்வி கேட்டிருக்கிறார். கம்மியாகும் அக்கா, அதை மறைக்க வேண்டாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது எங்கள் கணக்கு. அவர் வீட்டுக்கு டேங்க் தலைக்கு மேலேயே இருக்கிறது, அழுத்தம் ரொம்பக் குறைவு. உங்கள் வாசல் குழாய் இன்னும் ஒரு மாடி கீழே, தரையை ஒட்டி. ஒரே பைப்பில் இரண்டும் இருந்தால், கீழே முழுதாகத் திறக்கும்போது தண்ணீர் கீழேதான் ஓடும், மேலே ஷவர் சொட்டும்.

வழி இருக்கிறது. நான் சொன்ன பால் வால்வைப் பாதிக்கு மட்டும் திறந்து வையுங்கள். கிளையை முக்கால் இன்ச்சில் எடுக்காமல் அரை இன்ச்சுக்குக் குறைத்து எடுங்கள். செடிக்கும் பக்கெட்டுக்கும் அது போதும். காலையில் அவர்கள் குளிக்கிற நேரம் எது என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பதினைந்து அடி பைப் வெயிலில் ஓடும் என்றால் சுவரில் மூன்று அடிக்கு ஒரு கிளாம்பு போட்டு, மேலே வெளிர் நிறத்தில் தண்ணீரில் கரைகிற பெயிண்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். வெறும் பைப் வெயிலில் நாளாக ஆக மொறுமொறுவென்று ஆகிவிடும். ஆயில் பெயிண்ட் வேண்டாம். சுவர் நிறமாகவே அடித்தால் ஓனர் கண்ணை உறுத்தாது.

செடி விஷயம் எனக்குத் தெரிந்தது: உப்புத் தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள், வேரில் விடுங்கள். தொட்டியில் அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால் உப்பு தங்காமல் இறங்கும். அரிசி கழுவிய தண்ணீர், மழைத் தண்ணீர் கிடைத்தால் மல்லிகைக்குக் கொடுங்கள். அதற்குத்தான் உப்பு ஆகாது.

---

வாய்தா வாசகர் எழுதியது:

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வாடகைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் அது இருக்கிற குழாய்க்கு. இல்லாத இடத்தில் புதிதாகப் போடுவது பராமரிப்பில் வராது, உங்கள் வசதிக்காகச் செய்வது. அதனால் செலவை ஓனரிடம் உரிமையாகக் கேட்க முடியாது, அவராகக் கொடுத்தால் சந்தோஷம்.

கழற்றிப் போகலாமா என்றால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் இரண்டு வரி உங்களுக்கு வேண்டியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், குடியிருப்பவர் தான் பொருத்தியதை, வீடு தன் வசம் இருக்கும் வரை, கழற்றி எடுத்துக்கொள்ளலாம். வீட்டைக் குடிவந்தபோது இருந்த நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே பிரிவு, ஓனர் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. குழாயும் பைப்பும் ஒரு பக்கம் போகட்டும், சிங்காநல்லூர் ஐயா சொன்ன சிமெண்ட் தளத்துக்குக் கட்டாயம் சம்மதம் வாங்குங்கள்.

சம்மதம் வாயால் போதாது. பத்திரம் எழுத வேண்டிய அவசியமும் இல்லை, வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் "சரி" என்று பதில் போட்டால் நடைமுறைக்குப் போதும். அடுத்த முறை 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வேலைக்கு முன்னால் அந்தச் சுவரை போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கெல்லாம் உங்கள் அட்வான்ஸில் பிடித்தம் போடாமல் இருக்க அதுதான் சாட்சி.

---

கணபதி கீழ்வீடு எழுதியது:

நீங்கள் எல்லாரும் சொன்னதை வைத்து ஓனருக்கு நேற்று இப்படி அனுப்பினேன். யாருக்காவது பயன்படும் என்று போடுகிறேன்:

"ஐயா, வணக்கம். அம்மா முழங்கால் வலியோடு ஹால் வழியாகத் தண்ணீர் தூக்குகிறார், டைல்ஸில் வழுக்குகிறது. வாசல் ஓரம் ஒரு குழாய் போட்டுக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். நல்ல தண்ணீர் லைனைத் தொட மாட்டோம். சந்துச் சுவரில் வெளியே இறங்கும் உப்புத் தண்ணீர் பைப்பில் எடுக்கிறோம், சுவர் உடைக்க வேண்டியதில்லை, கிளாம்பு மட்டும். தனி வால்வு இருக்கும். கீழே சிறிய சிமெண்ட் தளம், தண்ணீர் செடிக்குப் போகும்படி. செலவு எங்களுடையது. காலி செய்யும்போது நீங்கள் சொன்னால் எடுத்துவிட்டு அடைத்துத் தருகிறோம், இருக்கட்டும் என்றால் விட்டுவிடுகிறோம். மேல் வீட்டிலும் பேசிவிட்டோம். சுவரின் போட்டோ கீழே."

அரை மணி நேரத்தில் போன் வந்தது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தத் தண்ணி தென்னைக்குப் போற மாதிரி வாட்டம் குடுக்க முடியுமா?" என்றார். தென்னை பின்னால் இருக்கிறது, குழாய் முன்னால். முடியாது என்று சொல்ல மனம் வராமல், ஹோஸ் மாட்டி வாரம் ஒருமுறை தென்னைக்கு நாங்களே விடுகிறோம் என்றேன். உடனே சரி என்றுவிட்டார். எழுத்தில் அனுப்புங்கள் ஐயா என்றதற்கு ஒரு கைகூப்பும் படமும் "ஓகே"யும் வந்தது. வாய்தா அண்ணா, இது போதும்தானே? வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே போட்டிருந்தால் தென்னைக்கு ஊற்றுகிற வேலை மிச்சமாகியிருக்கும் என்கிறார். அந்த வேலையை அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. வேறு பிளம்பர், நீங்கள் சொன்ன பொருள்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டேன்.

---

வாய்தா வாசகர் எழுதியது:

"ஓகே" போதும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு எங்காவது சேர்த்து வையுங்கள், போன் மாற்றும்போது போய்விடும்.

---

ஈரோடு பைப்பு வேலை எழுதியது:

ஞாயிறு காலையில் ஒரு விஷயம் அக்கா. லைனை வெட்டுவதற்கு முன் மாடியில் டேங்க் அடியில் இருக்கிற கேட் வால்வை மூடச் சொல்லுங்கள். அது பழசாக இருந்தால் முழுதாக மூடாது, வேகமாகத் திருகினால் உடைந்துகூடப் போகும். முந்தின நாளே ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மூடவில்லை என்றால் டேங்க் தண்ணீர் குறைந்திருக்கிற நேரமாக வேலை வைத்துக்கொள்ள வேண்டும். மேல் வீட்டிலும் இரண்டு பக்கெட் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டின உடனே திறந்து பார்க்க ஆசை வரும், விடாதீர்கள். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் நல்லது, அவசரம் என்றால் சால்வெண்ட் டப்பாவில் போட்டிருக்கிற நேரமாவது கொடுங்கள். திறந்த பிறகு மேலே பாத்ரூமில் தண்ணீர் வராமல் வெறும் காற்றுச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், ஏர் லாக். உங்கள் புதுக் குழாயைத்தான் முதலில் திறக்க வேண்டும், அதுதான் லைனிலேயே தாழ்ந்தது. தண்ணீர் சீராக வந்ததும் அதை மூடிவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகத் திறந்தால் காற்று வெளியேறிவிடும். முதலில் வருகிற தண்ணீரில் பைப் தூள் கலந்து வரும், அதைச் செடிக்கு விடாமல் கீழே விட்டுவிடுங்கள்.

தென்னைக்கு எட்ட எத்தனை அடி ஹோஸ் வேண்டும் என்று இப்போதே அளந்துவிடுங்கள். நீளம் கூடக் கூடத் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், அரை இன்ச் ஹோஸைவிட முக்கால் இன்ச் வாங்குவது மேல். வீட்டுக்காரர் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்காது.